பதினோரு பேர், பன்னிரண்டு குரல்

ஸ்கோவியா நம்பூசி கசீரா படகுத்துறையில் வந்து இறங்கியபோது காலை பத்தரை இருக்கும். மசாகாவிலிருந்து ஒன்றரை மணி நேரம் வாடகை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்ததில் செம்மண் புருவம் வரை ஏறியிருந்தது. ஏரிக்கரை நெடுக முகேனே மீனை மணலில் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். விரல் நீளம்கூட இல்லாத அந்தப் பொடி மீன் வெயிலில் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னியது. வாடை மட்டும் மூக்கில் அறைந்தது.

படக்கொட்டகை துறையின் கடைசியில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. ஜன்னல் என்று ஒன்றும் கிடையாது. வாசலில் கறுப்புத் துணி தொங்கியது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு சிமெண்டு மேடையில் ஜெனரேட்டர் இருமிக்கொண்டே ஓடியது.

"வாங்க ஞாபோ, வாங்க. கம்பாலாவுல இருந்து ஆள் வருதுன்னாங்க. நான் ஏதோ கண்ணாடி போட்ட பெரிய அம்மா வருவாங்கன்னு கொட்டகையைக் கழுவித் துடைச்சு வெச்சிருக்கேன். நீங்க என்னடான்னா என் மக வயசுல இருக்கீங்க."

ஞாபோ, அம்மணி, என்று அழைத்தவர் கொட்டகைக்காரர் கிகுண்டு. இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன் என்பதால் ஊரே அவரை மரியாதையாக ஸாலோங்கோ என்றது. வாய் நிறையச் சிரித்தார். சிரிக்கும்போது கண் மட்டும் அவளுடைய பையின் மேலேயே இருந்தது.

பையில் நான்கு மைக்குகளும் ஒரு மடிக்கணினியும் இருந்தன. கம்பாலாவில் அவள் வேலை பார்த்த நிறுவனம் ஒரு புது வகைப் படம் எடுத்திருந்தது. மீன் வியாபாரி ஒருவர் காணாமல் போகிறார். இன்ஸ்பெக்டர் ஒக்கேலோ தேடுகிறார். கதை அவ்வளவுதான். ஆனால் நடுநடுவே ஒக்கேலோ நின்று, திரைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, "இப்ப நான் எங்க போகட்டும்?" என்று ஊர் மொழியான லுகாண்டாவில் கேட்பார். எட்டு விநாடி காத்திருப்பார். யார் என்ன கத்தினாலும் மைக் பிடித்துக்கொள்ளும். இயந்திரம் அதைக் குரல் குரலாகப் பிரித்துப் புரிந்துகொண்டு, ஒக்கேலோவின் வாயில் பதிலைப் போடும். பார்க்கிறவர்கள் சொல்கிற பக்கம் கதை திரும்பும்.

அந்த இயந்திரம் சரியாகக் கேட்கிறதா என்று சோதிப்பது ஸ்கோவியாவின் வேலை. யாரையும் எதையும் சட்டென்று நம்பாத குணம் அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. அந்த வேலையில் சேர்ந்த பிறகு அது இன்னும் முற்றியிருந்தது.

முதல் காட்சிக்கு வந்தவர்களை வாசலில் நின்று எண்ணினாள். விடியலில் வலை இழுத்துவிட்டு வந்த படகுக்காரர்கள் ஏழு பேர், மீன் காயப்போடும் பெண்கள் நான்கு பேர். பதினோரு பேர். கிகுண்டு உள்ளே வரவில்லை, ஜெனரேட்டரைப் பார்க்க வேண்டும் என்றார்.

துணி மூடியதும் பகல் செத்துப்போனது.

ஒக்கேலோ திரையில் தோன்றி, "இப்ப நான் எங்க போகட்டும்?" என்றார்.

"மொதல்ல சட்டையை உள்ள விடுய்யா" என்றான் செக்கிட்டோ என்ற படகுக்காரன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒக்கேலோ அசையாமல் அவர்களைப் பார்த்து, ஐயா போட்டு மரியாதையாகவே பேசினார். "சட்டை இருக்கட்டும் செபோ. காணாமப் போன ஆளைப் பத்திச் சொல்லுங்க."

கொட்டகை இரண்டுபட்டது. "ஐயோ, இவனுக்குக் காது கேக்குதுடி" என்று ஒரு பெண் பக்கத்திலிருந்தவளின் தொடையில் அடித்தாள்.

பின்வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த ஸ்கோவியாவுக்கும் சிரிப்பு வந்தது. அவளுடைய திரையில் ஒவ்வொரு குரலும் ஒரு நிறக் கோடாக ஓடியது. பேசினால் கோடு துள்ளும். பேசிய சொல் அதன் கீழே எழுத்தாக விழும். கோடுகளை மேலிருந்து கீழே எண்ணினாள்.

பன்னிரண்டு.

எண்ணிக்கையில் தப்பு என்று நினைத்துத் தலைகளை மறுபடி எண்ணினாள். பதினோரு தலைதான். அவள் வாயே திறக்கவில்லை.

பன்னிரண்டாவது கோடு மற்றவர்கள் கத்தும்போது சும்மா கிடந்தது. எல்லோரும் அடங்கிய பிறகு மெதுவாக எழுந்தது. கீழே எழுத்து விழுந்தது.

இப்ப நாய் குரைக்கும்.

படத்தில் நாய் குரைத்தது.

இப்ப இன்ஸ்பெக்டர் பையைத் தடவுவான். சாவி இருக்காது.

ஒக்கேலோ பையைத் தடவினார். உதட்டைப் பிதுக்கினார். சாவி இல்லை.

கதை இந்தப் பக்கம் திரும்பும் என்று ஸ்கோவியாவுக்கே தெரியாது. அந்தக் காட்சி, உள்ளே இருந்தவர்கள் கத்திய கத்தலில் அப்போதுதான் உருவானது. அதை முன்கூட்டிப் பார்த்தவர் உலகத்தில் ஒருவரும் இருக்க முடியாது.

எந்த மைக் பிடித்தது என்று பார்த்தாள். நான்காவது மைக். திரைக்கு வலது பக்கம், மூலையில்.

அங்கே ஒரு பெஞ்சு கிடந்தது. உள்ளே உட்கார இடமில்லாமல் இரண்டு பேர் தரையில் இருந்தார்கள்.

பெஞ்சு காலியாக இருந்தது.

படம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் அந்த மூலைக்குப் போனாள். பெஞ்சுக்கு அடியில், பலகை இடுக்கில், தகரத்தின் மடிப்பில் எல்லாம் கை விட்டுத் துழாவினாள். யாராவது கைபேசியை ஒளித்து வைத்து விளையாடுகிறார்களோ என்று சந்தேகம். ஒன்றும் அகப்படவில்லை. அந்த இடத்தில் மட்டும் மீன் வாடை இல்லை. தோண்டிப் போட்ட ஈர மண்ணின் வாடை அடித்தது.

"என்ன தேடுறீங்க?"

கிகுண்டு துணியை விலக்கிக்கொண்டு நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"இந்தப் பெஞ்சுல யார் உட்காருவாங்க, ஸாலோங்கோ?"

"அது வீஜே பெஞ்சு. செம்பாட்டியான்னு ஒருத்தன் இருந்தான். வெளிநாட்டுப் படம் ஓடும்போது பக்கத்துல உக்காந்து, அவனுங்க பேசுறதை நம்ம பாஷையில மாத்தி, ரெண்டு நக்கலும் சேர்த்துச் சொல்லுவான். அவன் குரலுக்குன்னே கூட்டம் வரும். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொம்பளையோட எல்லை தாண்டி ஜூபாவுக்குப் போயிட்டான். நானே பஸ் ஏத்திவிட்டேன். ஜன்னல் சீட்டு."

யார் உட்காருவார்கள் என்றுதான் அவள் கேட்டாள். போனவனைப் பற்றி, அவன் ஏறிய பஸ்ஸைப் பற்றி, உட்கார்ந்த சீட்டைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

வெளியே வந்து அலுவலகத்தில் டோனி ஒக்குருட்டைக் கூப்பிட்டாள்.

"அட, கொட்டகைகள்ல வீஜேக்கள் பேசின பழைய டேப் எல்லாம் போட்டுத்தானே மெஷினுக்கு லுகாண்டா கத்துக்கொடுத்தோம். அதுல கசீரா டேப்பும் உண்டு. படிச்ச பாடம் எங்கேயோ கசியுது. விடு" என்றான்.

"கசிவுன்னா உள்ள இருந்து வரணும். இது மைக்ல ஏறியிருக்கு, டோனி. வெளியில இருந்து வந்த சத்தம்."

டோனி பேச்சை மாற்றினான். "ரெண்டு வாரத்துல நாப்பது கொட்டகையில படம் போடணும். கேட்டுச்சுன்னு எழுது, சரியா வேலை செய்யுதுன்னு எழுது, வந்து சேரு."

அவன் எதை மறைக்கிறான் என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

கொட்டகை வாசலுக்கு எதிரே ஒரு பெண் மரவள்ளிக் கிழங்கு பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள். பெயர் கெவினா. காட்சி ஓடியபோது உள்ளே கேட்ட ஒவ்வொரு சிரிப்புக்கும் அவள் தலை நிமிர்ந்ததை ஸ்கோவியா துணி இடுக்கு வழியே கவனித்திருந்தாள்.

"நீங்க ஏன் உள்ள வரல?"

"என் வீட்டுக்காரர் உக்காந்திருந்த எடம். அவர் இல்லாம என்ன படம்?" கிழங்கைத் திருப்பிப் போட்டாள். "ஜூபாவுல எவளோடயோ இருக்காராம். ஊரே சொல்லிச் சிரிச்சாச்சு. நீங்களும் கேட்டிருப்பீங்க."

ஸ்கோவியாவுக்கு என்ன தோன்றியதோ, காதில் மாட்டும் கருவியை எடுத்துக் கெவினாவின் காதில் வைத்தாள். பன்னிரண்டாவது கோட்டை ஓடவிட்டாள். கரகரத்த ஆண் குரல். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் விக்கல் மாதிரி ஒரு சின்ன மூச்சு.

கெவினா அழவில்லை. அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்து மண்ணில் குத்தி அணைத்தாள்.

"அந்த மூச்சு அவரோடது. இதை எப்ப புடிச்சீங்க?"

"இன்னிக்கு."

"இன்னிக்கு எப்படி? ஜூபாவுக்கா போனீங்க?"

"இங்கதான். உள்ள."

கெவினா கொட்டகையைப் பார்த்தாள். அப்புறம் கொட்டகைக்குப் பின்னால் ஜெனரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த கிகுண்டுவைப் பார்த்தாள்.

இவளே ஏற்பாடு செய்த நாடகமாக இருந்தால்? புருஷன் குரல் போட்ட பழைய டேப் ஒன்று இவளிடம் இருக்கக்கூடாதா? மறுநாள் காலை வரை ஸ்கோவியா இதையே புரட்டிப் புரட்டி யோசித்தாள். பதினொரு மணிக் காட்சிக்கு வாசலில் ஒரு மீன் கூடையை வைத்து, எல்லோர் கைபேசியையும் அதில் போடச் சொன்னாள்.

"என்ன ஞாபோ, எங்களைக் கட்டிக்கப் போற மாதிரி சோதிக்கிறீங்க?" என்றான் செக்கிட்டோ. ஆனாலும் போட்டான். கிகுண்டுவும் போட்டார்.

அன்று கூட்டம் அதிகம். பதினெட்டுப் பேர். கடைசியாக, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கெவினா வந்தாள். பேச்சு சட்டென்று நின்றது. அவள் யாரையும் பார்க்காமல், "வழி விடுங்க" என்று மட்டும் சொல்லிப் போய் முதல் வரிசையில், காலிப் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பத்தொன்பது பேர்.

ஸ்கோவியா மடிக்கணினியைத் திறந்தாள். இன்னும் படம் ஆரம்பிக்கவில்லை. இருபது கோடுகள் இருந்தன.

கிகுண்டு அன்று வாசலிலேயே நின்றார், துணியின் ஓரத்தைக் கையில் பிடித்தபடி.

படம் பாதி தாண்டியது. ஒக்கேலோ படகுத்துறை ஒன்றில் வந்து நின்றார். "வியாபாரி படகுல ஏறிப் போயிட்டான்னு சொல்றாங்க. ஆனா படகுல அவன் ஏறல. ஏறினான்னு மொதல்ல சொன்னது யாரு?"

எட்டு விநாடி.

முதல் நாள் போல யாரும் கத்தவில்லை. தகரக் கூரையில் வெயில் முறுகும் சத்தம் மட்டும் கேட்டது.

இருபதாவது கோடு எழுந்தது.

ஒக்கேலோ தலையை ஆட்டினார். "ஸாலோங்கோன்னு சொல்றீங்க. சரி."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருடைய முதுகும் விறைத்தது.

"அந்த வியாபாரி இப்ப எங்க இருக்கான்?" என்றார் ஒக்கேலோ.

எட்டு விநாடி.

"மூடின கக்கூஸ் குழின்னு சொல்றீங்க. ஜெனரேட்டர் நிக்கிற மேடைக்கு அடியில."

வாசலில் துணி விழுந்தது. கிகுண்டு அங்கே இல்லை. சற்று நேரத்தில் ஜெனரேட்டர் ஒரு தடவை செருமிவிட்டு நின்றது. ஒக்கேலோ அணைந்தார். ஒலிபெருக்கி செத்தது.

இருட்டு.

வெளியே உச்சி வெயில் அடிக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப முடியாத இருட்டு. ஸ்கோவியாவின் மடியில் மட்டும், பேட்டரியில், இருபது கோடுகள் ஓடின. பத்தொன்பது அசையாமல் கிடந்தன.

ஈர மண்ணின் வாடை வந்தது.

முதலில் அந்தச் சின்ன மூச்சு. விக்கல் மாதிரி. ஸ்கோவியா அதைக் காதுக் கருவியில் கேட்கவில்லை. வெறும் காதில் கேட்டாள். எல்லோரும் கேட்டார்கள்.

"இப்ப ஸாலோங்கோ வாசலுக்கு வருவான்."

துணி விலகியது. வெளிச்சம் கத்தி மாதிரி உள்ளே விழுந்தது. கிகுண்டு நின்றிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"உள்ள வரணும்னு பாப்பான். வரமாட்டான்."

கிகுண்டு ஒரு காலைத் தூக்கினார். அது அப்படியே அந்தரத்தில் நின்றது.

"இப்ப ஓடுவான்."

அவர் ஓடினார்.

மணலில் செருப்பு தெறிக்கும் சத்தம் தூரத்தில் போய் அடங்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. முதலில் அசைந்தவள் கெவினா. காலிப் பெஞ்சின் பக்கம் திரும்பி, வீட்டில் பேசுகிற மாதிரி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இத்தனை நாள் இங்கயா உக்காந்திருந்தீங்க? நான் வாசல்லதானே இருந்தேன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

எட்டு விநாடி போனது. இன்னும் எட்டு. கோடு அசையவில்லை.

படகுக்காரர்கள் ஜெனரேட்டரைத் தூக்கி நகர்த்தி, சிமெண்டு மேடையைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். போலீஸ் வந்து சேர்வதற்குள் ஆறடி தோண்டிவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் எலும்பு வந்தது. இடுப்பு வாரின் பித்தளைக் கொக்கியைக் கெவினா தன் சேலை மாதிரியான கோமேசி உடையின் முந்தியில் துடைத்துப் பார்த்துவிட்டு, "அவர்தான்" என்றாள்.

கிகுண்டுவைத் தீவுக்குப் போகும் தோணியில் பிடித்தார்கள். கேட்பதற்கு முன்னாலேயே எல்லாம் சொல்லிவிட்டாராம். செம்பாட்டியா பக்கத்துத் துறையில் புதிதாக வந்த கொட்டகைக்குப் போகப்போவதாகச் சொன்னான், அவன் போனால் கூட்டம் முழுக்கப் பின்னாலேயே போய்விடும், ஜெனரேட்டரைச் சுற்றிவிடும் இரும்புப் பிடி கையில் இருந்தது, ஒரே அடிதான். கொல்ல நினைக்கவில்லை என்றாராம். சொல்லிவிட்டு, அந்த அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு தடவை கேட்டாராம்.

விசாரணை அதிகாரி ஸ்கோவியாவை விடவில்லை. "உங்க மெஷினுக்கு இந்தப் பதிலை முன்னாடியே யாரு சொல்லிக்கொடுத்தது? நீங்களா, அந்தம்மாவா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டார். கடைசியில், சோதனையின்போது தற்செயலாகத் தெரியவந்தது என்று எழுதிக்கொண்டார். படம் சரியாக வேலை செய்கிறது என்ற தாளில் ஸ்கோவியா கையெழுத்துப் போட மறுத்தாள். டோனி போட்டான். அவள் அந்த வேலையை விட்டாள்.

நான்கு மாதம் கழித்து மசாகா நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். பதினொரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. கெவினாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கசீராவுக்குப் போனாள்.

கொட்டகை இல்லை. பலகையைப் படகு பழுதுபார்க்கவும், தகரத்தை வீட்டுக் கூரைக்கும் ஆளுக்கு ஆள் எடுத்துப் போயிருந்தார்கள். குழியை மூடியிருந்தார்கள். செம்பாட்டியாவை அவருடைய உறவுக்காரர்கள் வாழைத் தோட்டத்தில் முறைப்படி அடக்கம் செய்தாயிற்று. வெறும் மண் தரை மட்டும் வெயிலில் கிடந்தது.

அந்தத் தரையில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வரிசையாக. ஏரியைப் பார்த்தபடி. ஏரியில் படகு ஒன்றும் இல்லை. யாரும் பேசவில்லை. முதல் வரிசையில் கெவினாவின் தலைத்துணி தெரிந்தது. ஏதாவது பிரார்த்தனையோ என்று நினைத்து ஸ்கோவியா தள்ளியே நின்றாள்.

முப்பது பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள்.

பிறகு அமைதி. பிறகு, மறுபடி ஒரே சமயத்தில், "அய்யய்யோ" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். கெவினா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

ஸ்கோவியா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தண்ணீர் கரையில் மோதும் சத்தம். ஒரு கொக்கின் சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கடைசி வரிசையில் இருந்த செக்கிட்டோவின் தோளைத் தொட்டாள். "என்ன நடக்குது இங்க?"

"உஷ்" என்றான் அவன், திரும்பாமல். "உக்காருங்க ஞாபோ. இப்பத்தான் உங்களைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சிருக்கார்."

முப்பது பேரும் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பகையில்லாத முகங்கள். அடுத்து வரப்போவது தெரிந்துவிட்டவர்கள் பார்க்கிற பார்வை.

சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் ஸ்கோவியாவின் கால் ஒரு அடி பின்னால் போனது.